கொடுத்தவருக்கு உண்டு, பெற்றவருக்கு இல்லை

அனுமதிக் குழுவில் ஐந்து பேர்.
பணம் ஏதும் பேசினீர்களா, யாராவது மிரட்டினார்களா,
எதற்காகக் கொடுக்கிறீர்கள் என்று
நாத்தனாரிடம் கேட்டார்கள்.
மருதக்கனி மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:
"இவ போய்ட்டான்னா எந் தம்பிக்கு ஆரு சோறு பொங்குவா?"
மராத்தியில் எடுத்துச் சொன்னவர்
அதைக் கொஞ்சம் அழகாக்கியிருக்க வேண்டும்.
ஐவரும் கையெழுத்திட்டார்கள்.

பதினாறு வருடம் நானும் அவளும்
ஓர் அடுப்பில் பால் காய்ச்சியதில்லை.
இப்போது அவளுடைய இடது சிறுநீரகம்
என் வலது அடிவயிற்றில்
தோலுக்குச் சற்றுக் கீழே,
பையில் மறந்துவைத்த மாம்பழம் போல.

அறிக்கையில் ஒரு வரி:
கொடுத்தவருக்கு உண்டு, பெற்றவருக்கு இல்லை.
இரத்த வகை என்று நினைத்தேன்.
டாக்டர் கர்ணிக் கண்ணாடியைக் கழற்றினார்.
"ஒரு வைரஸ். சிறு வயதில் வந்திருக்கும்,
மூன்று நாள் காய்ச்சலாக. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.
அதன்பின் உள்ளேயே தூங்கும்.
காவல் விழித்திருக்கும்வரை தூங்கும்."
அந்தக் காவலைத்தான்
காலை ஒன்பதுக்கும் இரவு ஒன்பதுக்கும்
மாத்திரை கொடுத்துப் படுக்கவைக்கிறோம்.

நான் தாதரில் ஒரு கட்டட முதலாளிக்குக்
கணக்கு எழுதுகிறவள்.
பகடி வீடுகள்.
மாதம் நூற்றெண்பது ரூபாய் வாடகை,
யாரையும் எழுப்பிவிட முடியாது.
கட்டடம் கைமாறினால் குடித்தனமும் சேர்ந்தே வரும்.
"சீக்கிரம் புரிந்துகொண்டீர்கள்" என்றார் டாக்டர்.

ஆறு மாதம் தடுப்பு மாத்திரை.
விலையை வீட்டில் சொல்லும்போது
ஒரு பூஜ்யத்தை விழுங்கிவிட்டேன்.
நிறுத்திய ஐந்தாவது வாரம்
ஹிந்த்மாதாவில் முழங்காலளவு தண்ணீர்,
எனக்கு நூற்றொன்று.
வயிறு நிற்கவில்லை. மாடிப்படி இரட்டிப்பாயிற்று.
இரத்தத்தில் எண்ணிப் பார்த்தார்கள்:
ஒரு மில்லியில் நாற்பத்தோராயிரத்து எழுநூறு பிரதிகள்.
காய்ச்சலிலும் சிரிப்பு வந்தது.
அத்தனை பிரதி விற்கிற புத்தகம்
தமிழில் ஏது?

காவலை எழுப்பிவிடலாமே என்று கேட்டேன்.
எழுப்பினால் அது முதலில் அடிப்பது
மருதக்கனியைத்தான், அந்நியள் என்று.
"ஒரு கண்ணை மட்டும் திறக்கச் சொல்வோம்" என்று
ஒரு மாத்திரையைப் பாதியாக்கினார்.
மீதிக்கு ஊசி.

ஆன்டாப் ஹில்லிலிருந்து அவள் போன்.
"என்ன காச்சலாம்?"
"மழைக் காச்சல், மைனி."
பதினாறு வருடத்தில்
அவளிடம் நான் சொன்ன முதல் நல்ல பொய்.
இத்தனை காலம் அது தனக்குள் இருந்ததே
அவளுக்குத் தெரியாது.
தெரிந்தால் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கமாட்டாள்;
தூங்கமாட்டாள்.

மூன்று வாரம் கழித்துத் தாளில் வந்தது:
கண்டறியப்படவில்லை.
"போய்விட்டதா?"
"அப்படி நான் சொல்லவில்லை."
எங்கள் பதிவேட்டிலும் இரண்டு சொல் உண்டு,
காலி என்றும் பூட்டு என்றும்.
மேல்மாடி எட்டாம் எண்
இருபது வருடமாகப் பூட்டு.
அதைக் காலி என்று எழுத
இதுவரை எந்தக் கணக்குப்பிள்ளைக்கும் கை வரவில்லை.

சனிக்கிழமை வந்தாள்.
எனக்கு ஆகாத ஊறுகாயைத் தம்பிக்கு என்று
அடுக்களையில் வைத்தாள்,
சோப்புப் போட்டுக் கை கழுவினாள்,
முகக்கவசத்தை மூக்குவரை ஏற்றிக்கொண்டு
பக்கத்தில் உட்கார்ந்தாள்.
கேட்கவில்லை. சேலைக்கு மேலாக
அந்த மேட்டில் உள்ளங்கையை வைத்தாள்.
"சுடுதே."
"ஒங்க கைதான் குளுந்திருக்கு, மைனி."
ஒன்பது மணி அலாரம் அடித்தது.
"எந்திரி, போயி மாத்திரையைப் போடு"
என்று அதட்டினாள்.
கையை எடுத்தால்தானே எழுந்திருக்க.